மீசைக்கு ஒரு ஆட்டம்

லா சப்பல் கடைத்தெருவிலுள்ள மர்கரீத்தின் பாரின் முன்கண்ணாடியில் தன் மீசை ஒட்டப்பட்டிருப்பதை இராஜதுரை எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்துதான் முதலில் பார்த்தார்.

முகம் இல்லை. மீசை மட்டும். யாரோ அவருடைய படத்தை எடுத்து, மூக்குக்குக் கீழும் உதட்டுக்கு மேலும் வெட்டி, மேசை அகலத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். அடியில் பிரெஞ்சில் கொட்டை எழுத்து: ‘இது இருக்குமா, போகுமா? ஞாயிற்றுக்கிழமை தெரியும்.’

அவர் தன் மரக்கறிக் கடைக்கு முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அதைத் தோளில் சாய்த்தபடியே தெருவைக் கடந்து பாருக்குள் நுழைந்தார்.

“மர்கரீத், இது என்ன?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“உங்கள் மீசை, மெசியே ராஜா,” என்றாள் மர்கரீத், கிளாஸ் துடைப்பதை நிறுத்தாமல். “நீங்கள்தானே சொன்னீர்கள்.”

சொன்னது உண்மைதான். அந்த பாரில் வெள்ளிக்கிழமைகளில் கூடுகிறவர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு கிரிக்கெட் அணி வைத்திருந்தார்கள். அதற்கு இராஜதுரை கப்டன். 2013ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்திலே கெண்ட் பக்கத்துக் கிராமமொன்றின் பப் அணி, கோச் பஸ் பிடித்து வந்து அவர்களோடு ஒரு ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. சேருகிற நிதியில் கிளிநொச்சியிலுள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலிகள் வாங்கி அனுப்புவதாகத் திட்டம்.

போன வெள்ளிக்கிழமை அந்த பப் அணியின் படம் வந்திருந்தது. எல்லோரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கையில் பியரோடு நின்றார்கள். விக்கெட் காப்பாளர் ஊன்றுகோல் வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் இராஜதுரை சிரித்துவிட்டார். “உவங்களிட்டத் தோத்தால் நான் மீசையை எடுக்கிறன்!”

இது ஊரில் எல்லோரும் சொல்வது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் இராஜதுரை இதை எத்தனையோ தடவை சொல்லி, எத்தனையோ தடவை தோற்றிருக்கிறார். மீசையில் ஒரு மயிர் குறைந்ததில்லை. சொன்னவரிடம் அடுத்த நாள் போய்க் கத்தரிக்கோல் நீட்டும் பழக்கம் யாருக்கும் கிடையாது.

ஆனால் அன்று பக்கத்து மேசையில் நாலைந்து பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று அவர் எழுந்து நின்று, மீசையில் கைவைத்து, அதையே பிரெஞ்சில் திருப்பிச் சொன்னார். செய்த பிழை அதுதான்.

“அது சும்மா ஒரு பேச்சு, மர்கரீத். எங்கள் ஆட்கள் அப்படித்தான் பேசுவோம்.”

“அப்படியா? இதைக் கொஞ்சம் பாருங்கள்.”

கவுண்டரில் ஊறுகாய் வெள்ளரிக்காய் வந்த பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. அதற்குள் பாதிக்குமேல் நோட்டுகள்.

“மீசை போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் போட்டது. மருந்துக்கடைக்காரி, தபால்காரர், இரண்டாம் மாடிப் பல்வைத்தியர், எல்லோரும். எதிர்ச் சலூன்காரர் போட்டதோடு, தானே வந்து இலவசமாக வழித்து விடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.”

“நாங்கள் வென்றால்?”

“எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். மீசை போனால்தானே காசு?” மர்கரீத் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “உங்கள் மீசை இவ்வளவு பேருக்குப் பிடிக்காது என்று எனக்கே தெரியாது.”

மார்க்ஸ் டோர்மோயிலுள்ள வீட்டுக்கு அவர் போய்ச் சேருமுன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி தில்லைநாயகி கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே?”

“ஆர் சொன்னது?”

“லா சப்பலே சொல்லுது. மீசையை வழிச்சுப்போட்டு, அடுத்த ஞாயிறு மணவறையில போய் இருக்கப் போறியளோ?”

ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறு அவர்களுடைய ஒரே மகள் கஜந்தினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லவன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினத்தைப் பற்றித்தான்.

“நல்ல காரியத்துக்கு முதல் ஒரு மனிசன் மீசையை எடுத்தால் என்ன அர்த்தம்? வீட்டில செத்தவீடு எண்டுதான் அர்த்தம்,” என்றாள் தில்லைநாயகி. “உங்கட அம்மா ஊரில கல்லுமாதிரி இருக்கிறா. அவவை நீங்கள் இஞ்சையிருந்து சாக்காட்டுறியளோ? சம்மந்தி பாத்தார் எண்டால், துடக்கு வீடெண்டு சொல்லிக் கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவார். மூத்த பெடியன்ர கலியாணத்தைத் தூரத்துச் சித்தப்பன் செத்ததுக்கே ஒரு வருசம் தள்ளி வைச்ச மனிசன்.”

அதுமட்டுமில்லை. பெண் பார்க்க வந்த அன்று இரத்தினம் அதிகம் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு மயிர்கூட விலகாத, கருகருவென்ற மீசை அவருக்கு. கொடுத்த கோப்பியை ஆறி அவிந்துபோகும்வரை தொடாமல் வைத்திருந்து, கடைசியில் கொஞ்சம்போல உறிஞ்சினார். கோப்பி சரியில்லையோ என்று தில்லைநாயகி இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. அவ்வளவு நேரமும் அவர் இராஜதுரையின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது சொன்னது ஒன்றுதான்.

“ஆம்பிளைக்கு மீசைதான் முகம். உங்கட மீசையைப் பாத்த உடனேயே இது நல்ல குடும்பமெண்டு விளங்கீட்டுது.”

அதைக் கேட்டு அன்று மீசையை முறுக்கிக்கொண்ட இராஜதுரை, இன்று அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

“வெண்டால் பிரச்சினை இல்லைத்தானே,” என்றார்.

“அப்ப வெல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டுத் தில்லைநாயகி குசினிக்குள் போனாள்.

அடுத்த நாள் இராஜதுரை ஒரு வழி கண்டுபிடித்தார். தன் கடையிலிருந்து காலி ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்துப்போய், மர்கரீத்தின் கவுண்டரில் முதலாவதற்குப் பக்கத்தில் வைத்தார். ‘மீசை இருக்கட்டும்’ என்று அதில் எழுதி ஒட்டினார். வென்றால் இந்தப் போத்தல் நாற்காலிகளுக்குப் போகும். அப்போது மீசையும் மிஞ்சும், தர்மமும் நடக்கும். ஆரம்பித்துவைக்கத் தன் பணத்தையே கொஞ்சம் போட்டார்.

மாலையில் போய்ப் பார்த்தபோது அவர் போட்ட காசோடு ஒரு சட்டைப் பொத்தானும் ஒரு பழைய மெத்ரோ டிக்கெட்டும் கிடந்தன. பக்கத்துப் போத்தல் கழுத்துவரை நிரம்பியிருந்தது.

“போட்டியென்றால் மனிதர்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது,” என்றாள் மர்கரீத். “நல்ல யோசனை, மெசியே ராஜா.”

சரி, வெல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்து, இராஜதுரை அணியைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார். எமில் மட்டும்தான் வந்தார். எமில் புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், அணியின் விக்கெட் காப்பாளர், பொருளாளரும் அவர்தான்.

“மற்ற ஆக்கள் எங்கை?”

“அவங்க வரமாட்டாங்க துரை. நேத்து ஒரு ரெயுனியோன், அதான் மீட்டிங், போட்டோம். நாம ஜெயிச்சா உங்க மீசை இருக்கும். தோத்தா அங்க வீல்சேர் போவும். எது முக்கியம்னு வோட்டு எடுத்தோம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உங்களுக்கு மீசை இருக்குதே. நடுநிலைமையா இருக்கமாட்டீங்கன்னு விட்டுட்டோம்.”

“முடிவு என்ன?”

“யூனானிம்,” என்றார் எமில். “ஒரு ஓட்டுகூட எதிர்ல இல்ல. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நாங்க தோக்குறது யாருக்கும் தெரியாத மாதிரி தோப்போம்.”

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. சக்கர நாற்காலி வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, கஜந்தினிதான் கேட்டாள்.

“பப்பா, லவனைக் கேக்கலாமே? அவர் உண்மையான கிளப்பில பௌலிங் போடுறவர்.”

இராஜதுரையின் கண் விரிந்தது. ஒரு நல்ல பந்துவீச்சாளன் போதும். மற்றப் பத்துப் பேரும் எவ்வளவு பாடுபட்டுத் தோற்றாலும் ஒருவன் வென்று கொடுத்துவிடுவான். உடனே தொலைபேசி எடுத்தார். மீசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், கிளிநொச்சிப் பிள்ளைகளுக்காக ஒரு ஆட்டம், அணிக்கு ஆள் குறைகிறது என்று மட்டும் சொன்னார்.

“மாமா கேட்டு நான் வராமல் விடுவனே?” என்றான் லவன்.

அடுத்த நாள் காலையில் இரத்தினமே தொலைபேசியில் கதைத்தார்.

“சம்மந்தி, தம்பி சொன்னவன். கிளிநொச்சிப் பிள்ளையளுக்கு எண்டு கேட்டனான். நல்ல விசயம். நானும் வாறன்.”

அதை எமிலிடம் சொன்னதுதான் தாமதம், எமில் இரத்தினத்தைப் பிரதம விருந்தினராக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த மைதானத்தில் பப் அணி வந்து இறங்கியது. படத்தில் இருந்ததைவிட எல்லோரும் பெரிதாக இருந்தார்கள். அவர்களுடைய கப்டன் அந்த பப்பின் முதலாளி. கோச்சிலிருந்து மைதானத்துக்கு நடந்த களைப்பில் ஒரு மரத்தடியில் சாய்ந்துவிட்டார்.

மர்கரீத் தன் போத்தலையும் அந்த மீசைப் படத்தையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். படத்தை மரத்தில் மாட்டினாள். அவள் திரும்புவதற்குள் தில்லைநாயகி தன் குளிர்ச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு, தானும் அதற்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தாள். வெயிலென்றும் பாராமல் கடைசிவரை அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

இரத்தினம் கழுத்தில் மாலையோடு கூடாரத்துக்கடியில் இருந்தார்.

“அண்ணை, சூடா ஒரு தேத்தண்ணி?” என்று தில்லைநாயகி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“வேண்டாம் தங்கச்சி. உறிஞ்சிக் குடிக்க ஸ்ரோ இருந்தால் ஒரு குளிர்ச் சோடா தாங்கோ.”

தன் தேநீரும் பிடிக்கவில்லை என்று தில்லைநாயகி மனதில் குறித்துக்கொண்டாள்.

பப் அணி முதலில் ஆடியது. லவன் தூரத்திலிருந்து ஓடிவந்து போட்ட பந்துகளில் குச்சிகள் பறந்தன. குச்சியில் படாமல் மேலே எழும்பிய பந்துகளை மட்டும் மற்றவர்கள் கவனித்துக்கொண்டார்கள். எமில், சட்டியிலிருந்து எடுத்த வடையை வாங்குகிறவர்போல, கைக்கு வந்த ஒவ்வொன்றையும் ‘ஊஃப்’ என்று கீழே விட்டார். மூன்றாவது பிடியை விட்டபோது இங்கிலாந்துக்காரர்களே வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அப்படியும் பப் அணியால் பெரிதாக ஓட்டம் எடுக்க முடியவில்லை. ஓடினால்தானே ஓட்டம்.

பிறகு லா சப்பல் ஆடவந்தது. ஒருவர் தன் மட்டையாலேயே குச்சியைத் தட்டிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயன்று தோற்றார். இன்னொருவரை நடுவர் அவுட் இல்லை என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. “நேர்மை முக்கியம்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எமில் மட்டை எடுத்துக்கொண்டு போய், எடுத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

லவன் மட்டும் ஒரு முனையில் நின்று அடித்துக்கொண்டேயிருந்தான். கடைசி ஆளாக இராஜதுரை இறங்கியபோது வெற்றிக்கு இரண்டே ஓட்டம் வேண்டியிருந்தது. வானம் கறுத்திருந்தது.

“மாமா, நான் அடிச்ச உடனே ஓடுங்கோ. ரெண்டு ஓட்டம் வடிவா ஓடலாம்,” என்றான் லவன்.

அவன் அடித்தான். பந்து புல்லுக்குள் உருண்டு தூரத்துக்குப் போனது. அதைத் துரத்திப் போன இங்கிலாந்துக்காரர் நடந்துதான் போனார். இராஜதுரை ஓடினார். மீசைக்காக ஓடினார், மகளுக்காக ஓடினார். பாதி வழியில் காலில் கட்டியிருந்த பாட் கழன்று, இடறி, குப்புற விழுந்தார்.

எதிரே வந்த லவன் நின்றுவிட்டான்.

“ஐயோ மாமா! அடி பட்டதே?”

“இல்லைத் தம்பி, நீங்கள் ஓடுங்கோ!”

“உங்களை விழுத்திப்போட்டு நான் ஓடுறதே? எழும்புங்கோ.” லவன் அவரைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினான். “சரி, இப்ப போங்கோ மாமா.”

“நீங்கள் முதல்ல போங்கோ.”

“நீங்கள் பெரியாக்கள், நீங்கள் போங்கோ.”

இராஜதுரை கூடாரத்தைப் பார்த்தார். இரத்தினம் கதிரை நுனிக்கு வந்து, மாலையைப் பிடித்துக்கொண்டு கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தான் முன்னால் ஓடுவதா? கிரிக்கெட் சட்டம் ஒன்று சொன்னது, முப்பது வருஷமாகச் சபைசந்தியில் பழகிய பழக்கம் இன்னொன்று சொன்னது.

“மாப்பிள்ளை நிக்க நான் போறதே? ஆக்கள் என்ன கதைப்பினம்? நீங்கள் காலை எடுத்து வையுங்கோ, நான் பிறகால வாறன்.”

“சொன்னாக் கேளுங்கோ மாமா...”

இதற்கிடையில் பந்து வந்து சேர்ந்துவிட்டது. ஊன்றுகோல் விக்கெட் காப்பாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்ப விஷயத்தில் குறுக்கிட விரும்பாதவராகச் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு நடுவரைப் பார்த்து, “எடுக்கலாமா?” என்று கேட்டார். நடுவர் தலையசைத்தார். அவர் ஊன்றுகோல் நுனியைப் புல்லில் ஊன்றி, பந்து இருந்த கையால் மெதுவாகக் குச்சியைத் தட்டினார்.

லா சப்பல் அணி தோற்றது. மைதானமே எழுந்து கைதட்டியது. அதிகமாகக் கைதட்டியது லா சப்பல் அணி.

அப்போதுதான் முதல் மழைத்துளி விழுந்தது. இரத்தினம் சட்டென்று எழுந்தார். கைலேஞ்சியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, “நல்ல மரியாதையான குடும்பம், சம்மந்தி! நல்ல மரியாதை!” என்று சொன்னபடியே காரை நோக்கி ஓடினார். மைதானத்தில் அன்று ஒழுங்காக ஓடியவர் அவர் ஒருவர்தான். லவன் அவரை வீட்டில் விடப் போனான்.

ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. மாலையில் மர்கரீத்தின் பார் நடுவில் இராஜதுரையைக் கதிரையில் இருத்தி, கழுத்தில் துண்டு கட்டியபோது பார்க்கக்கூடாதவர் யாரும் அங்கே இல்லை. எதிர்ச் சலூன்காரர் புது பிளேட் போட்டிருந்தார். இரண்டு அணிகளும் சேர்ந்து, ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடியது. வழித்தெடுத்த மீசையைப் பப் முதலாளி ஒரு கடித உறையில் பத்திரமாக வாங்கிக்கொண்டார். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் பப்பில் மாட்டப்போவதாகச் சொன்னார். அடுத்த நாள் காலை மீசை இங்கிலாந்து போய்விட்டது.

எமில் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். “வோலா, துரை. நாற்காலிக்கு நாளைக்கே ஓர்டர் கொடுத்துடலாம். அந்தப் புள்ளைங்க உங்கள மறக்கமாட்டாங்க.”

“எனக்கு என்னையே ஞாபகமில்லை,” என்றார் இராஜதுரை, கண்ணாடியைப் பார்த்து.

வீட்டில் தில்லைநாயகி அவரை வெளிச்சத்துக்குக் கீழே நிற்கவைத்து நெடுநேரம் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

“உங்களுக்கு மேல்சொண்டில ஒரு சின்ன மச்சம் இருக்கு,” என்றாள் மெதுவாக. “இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது.”

“வடிவா இருக்கோ?”

“இருக்கு.” அவள் சிரிக்கப் பார்த்தாள், பிறகு நினைவு வந்தது. “சரி, இப்ப சம்மந்திக்கு ஆர் செத்ததெண்டு சொல்லுறது?”

யாரையும் சாகடிக்க வேண்டியிருக்கவில்லை. எமிலுக்கு நாடகக்காரருக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று தெரிந்திருந்தது. பழைய படத்தைக் காட்டி, அதே அளவு, அதே முறுக்கு என்று ஒரு மீசை வாங்கி வந்தார்கள். ஒட்டிப் பார்த்தபோது தில்லைநாயகிக்கே வித்தியாசம் தெரியவில்லை. மச்சம்தான் மறைந்துபோயிற்று.

“லவனுக்குச் சொல்லிப்போட்டன்,” என்றாள் கஜந்தினி.

“ஐயோ! என்ன சொன்னவர்?”

“ரியாங், ஒண்டுமில்லை. சிரிச்சவர்.”

“அவ்வளவுதானோ?”

“கனநேரம் சிரிச்சவர், பப்பா. பேந்து, ‘அப்பாக்குச் சொல்லமாட்டன்’ எண்டு சொல்லிப்போட்டு, திருப்பியும் சிரிச்சவர்.”

மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான் என்று இராஜதுரை நினைத்துக்கொண்டார். ஆனால் இதில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

கல்யாணம் ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் இரத்தினத்தை வரவேற்றபோது ஒன்றும் நடக்கவில்லை. இரத்தினம் வழக்கம்போல அவருடைய மீசையைப் பார்த்தார், தலையாட்டினார், உள்ளே போனார். தில்லைநாயகி முதல்முறையாக மூச்சு விட்டாள்.

மணவறையில் ஓமம் வளர்த்தபோதுதான் ஆபத்து வந்தது. மீசை விற்ற கடைக்காரர் பசைக்கு மழை ஆகாது என்று சொல்லியிருந்தார், வியர்வை ஆகாது என்று சொல்லியிருந்தார். ஓமகுண்டத்தைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? ஐயர் நெய்யை ஊற்ற ஊற்ற, இராஜதுரையின் மூக்குக்குக் கீழே ஏதோ நகர்வதுபோல இருந்தது. இடப்பக்கம் மெல்ல எழும்பியது.

தில்லைநாயகி கண்ணால் காட்டினாள். அவர் யோசிப்பதுபோல விரலை உதட்டின்மேல் வைத்து அழுத்தினார். ஐயர், “கையைக் கூப்புங்கோ,” என்றார். கூப்பினார். மீசை எழும்பியது. “தர்ப்பையைப் பிடியுங்கோ,” என்றார் ஐயர். பிடித்தார். மீசையின் பாதி தொங்கியது. பந்தலுக்கு வெளியே எமில் சிலுவை போட்டுக்கொண்டதை அவர் பார்த்தார்.

பக்கத்தில் அமர்ந்திருந்த இரத்தினம் மெல்லத் திரும்பினார். அந்தத் தொங்கும் மீசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். தாலி இன்னும் தட்டத்தில்தான் இருந்தது, சபை முழுவதும் அதை ஆசீர்வதித்துத் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இராஜதுரை கண்ணை மூடிக்கொண்டார். தில்லைநாயகியின் கை தட்டுப்பட்டு, குங்குமச் சிமிழ் உருண்டது.

இரத்தினம் தன் சால்வையால் வாயைப் பொத்தியபடி, இராஜதுரையின் காதோடு வந்து குனிந்தார்.

“சம்மந்தி, உங்கட பசை ஓமம் முடியும்மட்டும் தாங்கும்போல கிடக்கு, என்ர முழுக்கக் கழண்டிட்டுது. பதினைஞ்சு வருசமா ஒரே கடையில வாங்கி ஏமாந்துபோனன். நீங்கள் எங்கை வாங்கினனீங்கள்?”